உக்ரைன் போரை முடிக்கச் சீனா உண்மையில் விரும்புகிறதா? கேள்வி பதில்

கேள்வி: சீனா அமைதித் திட்டம் கொடுத்ததே, உக்ரைன் ஏன் பிடித்துக்கொள்ளவில்லை?

போர் தொடங்கி ஓராண்டு ஆன அன்று, 2023 பிப்ரவரி 24இல், பெய்ஜிங் வெளியிட்டது 12 அம்ச நிலைப்பாட்டு அறிக்கை. திட்டம் என்று சொல்ல அதில் காலக்கெடுவும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. எல்லா நாடுகளின் இறையாண்மையையும் மதிக்க வேண்டும் என்பதுதான் முதல் அம்சம். சரி, அப்படியானால் ரஷ்யப் படை வெளியேற வேண்டும் என்று எங்காவது வருகிறதா என்று பார்த்தால், கடைசி வரை வரவில்லை. பனிப்போர் மனப்பான்மையை விடுங்கள், ஐ.நா. பாதுகாப்பு அவை ஒப்புதல் இல்லாத பொருளாதாரத் தடைகளை நிறுத்துங்கள் என்று மேற்கு நாடுகளுக்குத்தான் அறிவுரை. அணு ஆயுதம் கூடாது, தானிய ஏற்றுமதி தடைபடக்கூடாது என்ற அம்சங்கள் உருப்படியானவை, மறுக்கவில்லை. ஆனால் படை விலகாமல் போர்நிறுத்தம் என்றால் பிடித்த நிலம் பிடித்தவன் கையிலேயே நின்றுவிடும். இம்மாதிரி அறிக்கைகளில் என்ன இல்லை என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: போர் எப்போது முடியும்?

ஜோசியரைக் கேளுங்கள்.

கேள்வி: சவுதியையும் ஈரானையும் சேர்த்துவைத்த சீனாவால் இது முடியாதா?

2023 மார்ச்சில் அவர்கள் உறவைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் பெய்ஜிங்கில் கையெழுத்தானது உண்மைதான். ஆனால் அவர்கள் இருவரும் அதற்கு முன்பே ஈராக்கிலும் ஓமானிலும் பேசி, இருவருமே முடித்துக்கொள்ளலாம் என்ற மனநிலைக்கு வந்திருந்தார்கள். இங்கே அந்த மனநிலை எங்கே?

அதே நண்பர்: மேற்கு ஊடகம் சொல்வதையே சொல்கிறீர்கள். சீனா நடுநிலை!

ஊடகத்தை விடுங்கள், தேதிகளைப் பாருங்கள். சீன அதிபர் ஷி ஜின்பிங் 2023 மார்ச்சில் மாஸ்கோவுக்கே போனார். போர் தொடங்கிய பின் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியுடன் முதல் தொலைபேசிப் பேச்சு ஏப்ரல் 26இல்தான். சிறப்புத் தூதராக அனுப்பிய லீ ஹுயி, பத்தாண்டு மாஸ்கோவில் தூதராக இருந்தவர். 2024 ஜூனில் சுவிட்சர்லாந்தில் நடந்த உக்ரைன் அமைதி மாநாட்டுக்கு ரஷ்யாவை அழைக்கவில்லை என்று சீனாவும் போகவில்லை. 2023இல் ரஷ்யாவுடன் வர்த்தகம் சுமார் 24,000 கோடி டாலர். இதற்குப் பெயர் நடுநிலையா?

அதே நண்பர்: அப்போ போர் நீடிக்கத்தான் ஆசையா?

அப்படிச் சொல்லவே இல்லையே! நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பொது எல்லை உள்ள ரஷ்யா தோற்றுச் சிதறுவது சீனாவுக்கு ஆகாது, ஐரோப்பியச் சந்தையை இழப்பதும் ஆகாது. ரஷ்யா தோற்காமல் போர் நிற்க வேண்டும். அதுதான் அவர்கள் ஆசை.

கேள்வி: இந்தியாவும் வாக்களிக்கவில்லையே, அதைப் பேச மாட்டீர்களா?

பேசலாமே. ரஷ்யப் படை வெளியேற வேண்டும் என்ற 2023 பிப்ரவரி 23 ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவு, 7 எதிர்ப்பு. விலகி நின்ற 32இல் இந்தியா, சீனா இரண்டுமே உண்டு. சுவிட்சர்லாந்து மாநாட்டுக்கு இந்தியா போனது, கூட்டறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை.

கேள்வி: போர் முடிய இன்னும் எத்தனை மாதம் ஆகும்?

மேலே பார்க்கவும்.

கேள்வி: பிரேசிலோடு சேர்ந்து சொன்னது என்ன ஆச்சு?

2024 மே மாத ஆறு அம்சங்கள். ரஷ்யா, உக்ரைன் இரண்டும் ஏற்கும் ஒரு சர்வதேச மாநாடு வேண்டும் என்றார்கள். அதிலும் படை விலகல் இல்லை. ஜெலன்ஸ்கி வெளிப்படையாகவே நிராகரித்தார்.