நள்ளிரவு தாண்டி விழிப்பு வந்தால்

கேள்வி: என் வயது 41. நான்கு மாதங்களாக அலுவலகத்தில் கடும் நெருக்கடி. வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். இரவு 9 மணிக்கே படுத்தாலும் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. பகலில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். இது மனநோயா? தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவர் பதில்: இவ்வளவு சுமையை ஒருவராகச் சுமக்கும்போது உடம்பு இப்படித்தான் எதிர்வினை காட்டும். மனநோயா என்பதை நேரில் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் தூக்கத்தைச் சீர்செய்யும் வேலையை இன்றே தொடங்கலாம். தூக்கம் திரும்பினால் எரிச்சலும் பெரும்பாலும் தணியும்.

ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பாதியில்தான் அதிகம். பின்னிரவில் உறக்கம் மெலிந்துவிடும். உடலை விழிப்புக்குத் தயார்படுத்தும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பும் விடியலை நோக்கி ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் விழிப்பு தட்டுவது எல்லோருக்கும் உண்டு. மனதில் கவலை காத்திருந்தால் மறுபடி கண்ணயர முடிவதில்லை.

9 மணிக்கே படுப்பதை முதலில் நிறுத்துங்கள். இழந்த தூக்கத்தை ஈடுகட்ட நினைத்துச் சீக்கிரம் படுப்பவர்களுக்குத்தான் பின்னிரவு விழிப்பு நீள்கிறது. கண் சொக்கும்போது, 11 மணி வாக்கில், படுங்கள். விடுமுறை நாளிலும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். சுமார் 20 நிமிடம் புரண்டதாகத் தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது படியுங்கள். செல்போன் வேண்டாம். தூக்கம் கண்ணை அழுத்தும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். முதல் வாரம் அசதி கூடும். பலர் அங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். மூன்று வாரமாவது தொடருங்கள்.

கவலைப்பட மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, காகிதத்தில் எழுதுங்கள். உங்கள் கையில் இருப்பவை ஒரு பக்கம், இல்லாதவை மறுபக்கம். கையில் இருப்பவற்றுக்கு எதிரே அடுத்த சிறு வேலையையும் அதற்கான நாளையும் குறியுங்கள். ‘அம்மாவைத் தனியாகப் பார்க்க முடியவில்லை’ என்று எழுதியிருந்தால், உறவினர் ஒருவரிடம், “சனிக்கிழமை காலை 9 முதல் 1 மணி வரை நீ பார்த்துக்கொள்” என்று கேளுங்கள். ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியாது.

படபடப்புக்கு மூக்கால் 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வேகமாகப் பெருமூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும். பகலில் பழகி வைத்தால்தான் இரவில் கைகொடுக்கும். நண்பகலுக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். மது சீக்கிரம் தூங்க வைத்தாலும் பின்னிரவில் எழுப்பிவிடும்.

தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில வகைகள் ஒரு சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். நாள்பட எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

தைராய்டு கோளாறு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் படபடப்பைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துவிடுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி மனச்சோர்வாகவே கழிந்தாலோ, பிடித்தவற்றிலும் நாட்டமில்லாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவருடன் செல்லுங்கள்.