மருத்துவம் படிக்காத நான் எச்ஐவி தடுப்பு ஆராய்ச்சிக்கு எப்படி உதவ முடியும்?

கேள்வி கேட்டவர், "தடுப்பூசிச் சோதனைக்குக் கையை நீட்டத் துணிச்சல் இல்லை, பணம் கொடுக்க வசதியும் இல்லை, வேறு வழி உண்டா?" என்றும் சேர்த்திருக்கிறார். உண்டு. எனக்கு வாய்த்ததைச் சொல்கிறேன்.

நான் சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். எச்ஐவி ஆய்வு நடத்தும் நிறுவனம் ஒன்று (பெயர் வேண்டாமே) தன் சமூக ஆலோசனைக் குழுவுக்கு (ஆய்வைப் பற்றிப் பொதுமக்கள் பக்கத்திலிருந்து கருத்துச் சொல்லும் குழு) ஆள் தேடியபோது, "தமிழ்ப் படிவங்களைக் கொஞ்சம் பார்த்துக் கொடு" என்று நண்பர் இழுத்துக்கொண்டு போனார். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

முதல் கூட்டத்தில் கைக்கு வந்தது பதினான்கு பக்க ஒப்புதல் படிவம். ஆய்வில் சேருகிறவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியது. மூன்றாம் பக்கத்தில், "பங்கேற்பவர்களில் பாதிப் பேருக்குப் போலி மருந்து தரப்படும்" என்று இருந்தது. எழுத்துப்பிழை இல்லை, நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா, பல ஆண்டுகளாக எச்ஐவியுடன் வாழ்பவர், படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டார். "போலி மருந்து விற்றால் போலீஸ் பிடிக்கிறது. அதையே சாப்பிடச் சொல்லிக் கையெழுத்தும் கேட்கிறீர்களே, சார்?" மருத்துவர் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்தார். அரை மணி நேர வாதத்துக்குப் பின் அது "மருந்து கலக்காத மாத்திரை" ஆயிற்று. "முப்பது மில்லி இரத்தம்" என்பதற்குப் பக்கத்தில் "ஆறு தேக்கரண்டி" என்று சேர்க்கச் சொன்னதும் அந்த அக்காதான். முப்பது வருடம் பிழை திருத்தியவனின் கண்ணுக்கு இவற்றில் ஒன்றுகூடப் படவில்லை.

இன்னொரு நாள் தடுப்பூசிச் சோதனைகளைப் பற்றி விளக்கினார்கள். சோதனைத் தடுப்பூசியில் உயிருள்ள எச்ஐவி கிருமி கிடையாது, அதனால் நோய் வராது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர் உடலில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடலே உண்டாக்கும் பொருள்) உருவாகும். வழக்கமான இரத்தப் பரிசோதனை தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். ஆகவே நோயே இல்லாதவருக்கும் "பாசிட்டிவ்" என்று வரலாம். கிருமியையே நேரடியாகத் தேடும் வேறு பரிசோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். இதைக் கேட்டதும் ஒரு தம்பி எழுந்து, "துபாய் விசாவுக்கு மெடிக்கல் எடுப்பார்களே, அங்கே யாரிடம் போய் இதை விளக்குவது?" என்றான். சான்றுக் கடிதம் தருவோம் என்று பதில் வந்தது. அதை அங்கே யார் வாங்கிப் படிப்பார் என்றதற்கு மழுப்பல்தான். எனக்கு இன்றைக்கும் அந்த மழுப்பல்மேல் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை யாராவது கேட்டால்தானே படிவத்தில் ஏறும்?

இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் காது கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியா சாட்சி. அங்கே பாலியல் தொழிலாளர் பெண்களிடம் டெனோஃபோவிர் என்ற எச்ஐவி மாத்திரை தொற்று வராமல் தடுக்குமா என்று சோதிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பக்கவிளைவு வந்தால் பின்னாளில் எங்களை யார் பார்ப்பது என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். சரியான பதில் கிடைக்காமல் போராட்டத்தில் இறங்கினார்கள். 2004 ஆகஸ்டில் அந்நாட்டுப் பிரதமரே ஆய்வை நிறுத்திவிட்டார். மருந்து நல்ல மருந்துதான், பின்னாளில் அதை வைத்துத்தான் தடுப்பு மாத்திரையே வந்தது. அந்தச் சண்டைக்குப் பிறகுதான், 2007இல், ஆய்வுகளில் மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது, தடுப்பு மருந்துகளைச் சோதித்த 'வாய்ஸ்' என்ற ஆய்வு. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள் சேர்ந்தார்கள். கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோரும் மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். 2013இல் முடிவு வந்தபோது, இரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்கில்கூட மருந்தின் தடயம் இல்லை. பொய் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பிறகு உட்கார்ந்து பேசியபோதுதான், எச்ஐவி மாத்திரைப் புட்டியை வீட்டில் வைத்திருந்தால் கணவரும் அக்கம்பக்கமும் என்ன நினைப்பார்கள் என்ற பயம் வெளியே வந்தது. அலமாரியில் புட்டியை ஒளித்து வைத்துப் பழகிய யாரை முன்கூட்டியே கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி, 2024இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வில், போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வராமல் காத்தது. மருந்தின் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒளித்து வைக்க அதில் புட்டியே இல்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 தம்பதியரை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் சென்னையும் புனேயும் இருந்தன. தொற்று உள்ளவருக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் தெரிந்தது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அருகில் எச்ஐவி ஆய்வு நடத்தும் நிறுவனம் இருந்தால், சமூக ஆலோசனைக் குழு உண்டா என்று கேட்டு எழுதுங்கள். அது இல்லாவிட்டாலும், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு இருக்கும். 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளின்படி அதில் துறை சாராத சாதாரண மனிதர் ஒருவர் இருந்தாக வேண்டும். பயணப்படி கிடைத்தாலும் கிடைக்கும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். போகும்போது மூக்குக்கண்ணாடியை மட்டும் மறந்துவிடாதீர்கள். பக்கவிளைவுகளைப் பொடி எழுத்தில்தான் அச்சடித்திருப்பார்கள்.