பழஞ்சியும் பகாளாவும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் விளவங்கோடு தாலுகாவில் இருக்கிறோம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். வரும்போது மூன்றரை வயது, இப்போது ஐந்து. எங்களுக்கு ஒரே பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுகிறாள், சாப்பாட்டில் மட்டும் தினமும் போராட்டம். போன மாதம் மாமியார் காலையில் பழஞ்சி (தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு) குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, கிண்ணத்தை வாங்கிக் காலி பண்ணிவிட்டாள். ஒடிசாவில் இதைத்தான் பகாளா என்று சாப்பிடுகிறார்கள் என்று அப்புறம்தான் படித்தேன். அவள் வீட்டுக்கு வந்த தேதி அடுத்து வரும்போது சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, அவளுக்கு ஒடிசாவின் சம்பல்புரிக் கைத்தறித் துணியில் பாவாடை தைத்துப் போட்டு, ஒடிசா விருந்து வைக்க ஆசை. "மறக்க வேண்டியதை ஏன் கிளறுகிறாய்" என்கிறார் மாமியார். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் பண்டிகையெல்லாம் நமக்கு எதற்கு என்றும் கேட்கிறார். யார் சொல்வது சரி? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மறக்கவைக்க வேண்டுமா என்ற விஷயத்தில் நான் உங்கள் பக்கம். விருந்து விஷயத்தில் உங்கள் மாமியார் பக்கம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இளமையில் கிறிஸ்தவர்கள் சட்டப்படி தத்தெடுக்கவே வழியில்லை. 1890-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் கார்டியன் ஆகலாம், அவ்வளவுதான். எடுத்து வளர்த்த பிள்ளையைப் பற்றி வீட்டில் பேசாமல் இருப்பதுதான் பாசம் என்று பலர் நினைத்தார்கள். இன்று சிறார் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம். 18 வயதானதும் தன் பிறப்பைத் தேடி அவளே விண்ணப்பிக்க விதியில் இடம் இருக்கிறது. அதுவரை வீட்டில் யாரும் ஒடிசா என்ற பெயரையே எடுக்காவிட்டால், அதில் ஏதோ வெட்கப்பட இருக்கிறது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

சரி, விருந்து ஏன் வேண்டாம்? முப்பது பேர் நடுவில் புதுப் பாவாடையோடு நிற்கும் குழந்தையிடம் "உங்க ஊர்ல இதுதான் தின்பியா?" என்று ஒரு சித்தப்பாவாவது கேட்பார். அவள் கதையை யாரிடம் எப்போது சொல்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் மாமியார் ஒன்றும் அறியாமல் பழஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்தார் பாருங்கள், அதுபோல நடப்பதே நல்லது.

ஒடிசாச் சாப்பாடு என்று ஒரே சாப்பாடு கிடையாது. கோராபுட் மலைப்பக்கத்தில் கேழ்வரகுக் கூழ், கடற்கரையில் மீன். அவள் சாப்பிட்டதோ காப்பகத்துச் சாப்பாடு. தத்தெடுத்தபோது தந்த ஆய்வு அறிக்கையில் அவள் சாப்பாடு பற்றி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். குழந்தை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் வரை, தத்தெடுப்பு அமைப்பினர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நிலைமை பார்த்து அறிக்கை எழுதுவார்கள். உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. அடுத்த தடவை வருபவரிடம், காப்பகத்தில் காலையில் என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். இணையத்தில் தேடுவதைவிட இது உதவும்.

பிறகு தால்மா செய்து பாருங்கள். துவரம்பருப்பில் வாழைக்காய், பூசணி, முருங்கைக்காய், தேங்காய்ச் சில்லு எல்லாம் போட்டு வேகவைத்து, தாளித்து, வறுத்துப் பொடித்த சீரகமும் வற்றல் மிளகாயும் தூவ வேண்டும். புளி இல்லை. நம் மீன் குழம்பின் புளிப்பில்தான் அவள் முகம் சுளிக்கிறாளோ என்னவோ. எல்லோர் தட்டிலும் அதையே பரிமாறுங்கள். அவளுக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்தால் மருந்து கொடுப்பதுபோல ஆகிவிடும்.

பண்டிகை ஒன்று வேண்டுமென்றால் நான் பிரதமாஷ்டமியைச் சொல்வேன். நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும். வீட்டின் மூத்த பிள்ளைக்கான நாள் அது. தாய்மாமன் வீட்டிலிருந்து புதுத்துணி வரும். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை மஞ்சள் செடியின் இலையில் பரப்பி, தேங்காயும் வெல்லமும் சேர்ந்த பூரணம் வைத்து மடித்து ஆவியில் அவிப்பார்கள். எண்டுரி பிட்டா என்று பெயர். திரளி இலையில் கொழுக்கட்டை அவிக்கும் ஊர்க்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் குற்றமில்லை (நான் அப்படித்தான் செய்வேன்). பூஜை வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். ஓணத்துக்கு ஊஞ்சல் கட்ட நம் ஊரில் யார் மதம் பார்த்தார்கள்? உங்கள் அண்ணனோ தம்பியோ ஒரு கவுன் வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை கட்டிட வேலைக்கு வந்திருப்பவர்களில் ஒடிசாக்காரர்களும் உண்டு. நாம் எல்லோரையும் சேர்த்துப் "பெங்காலி" என்கிறோம், வயதில் மூத்தவரையும் "டேய்" போடுகிறோம். அடுத்த வீட்டில் கலவை சுமப்பவர் ஃபோனில் பேசும் மொழி உங்கள் மகளுக்கு இன்னும் கொஞ்சம் புரியக்கூடும். உங்கள் வீட்டார் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் அவள் காதில் விழும். அதைச் சரிசெய்யாமல் தால்மா வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கு ஒரு டீ கொடுத்து ஊர் எது என்று கேளுங்கள். தால்மாவுக்கு உப்புக் காரம் சரியா என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

தால்மா தாளிக்கக் கடுகெண்ணெய் முதலில் கால் லிட்டர் மட்டும் வாங்குங்கள். அந்த நெடி உங்கள் மாமியாருக்குப் பிடிக்காது. நன்றாகப் புகைய விட்டுச் சூட்டைக் குறைத்துத் தாளித்தால் பாதி போய்விடும்.