ரியூசனுக்கு முதல் ரிப்போர்ட் கார்டைப் பாருங்கள், தங்கச்சி

வவுனியாவிலிருந்து செப்டெம்பரில்தான் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்தோம், மகன் கிரேட் 7, பாடப்புத்தகம் இல்லை, ஹோம்வேர்க் இல்லை, றாங்க்கும் போடுவதில்லை, எந்த ரியூசனில் விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மார்க்கம் நகருக்கு வீடு மாறலாமா, குளிர் ஜாக்கெட் எங்கே வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பத்துப் பேர் பதில் சொல்லுவார்கள். நான் பள்ளிக்கூடக் கதையை மட்டும் சொல்கிறேன்.

நவம்பரில் வருவது முன்னேற்ற அறிக்கை. அதில் புள்ளி இருக்காது. பெப்ரவரியிலும் ஜூனிலும் வருகிற ரிப்போர்ட் கார்டில்தான் கிரேட் 7, 8 பிள்ளைகளுக்குச் சதவீதம் போடுவார்கள். 70இலிருந்து 79 வரை எடுத்தால் ஒன்ராறியோ மாகாணம் எதிர்பார்க்கிற தரத்தில் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் 74ஐக் கண்டதும் வீட்டில் செத்தவீடு கொண்டாடுவார்கள். ஆனால் முதல் பக்கத்தில் பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்வது, மற்றவர்களோடு சேர்ந்து செய்வது என்று ஆறு பழக்கங்களுக்கு ஈ, ஜி, எஸ், என் என்று எழுத்துப் போட்டிருப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. அதில் ‘என்’, அதாவது இன்னும் முன்னேற வேண்டும் என்று விழுந்திருந்தால் அன்றைக்கே ரீச்சருக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. பாடத்துக்குப் பக்கத்தில் ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலம் இரண்டாம் மொழி என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் அடையாளம் போட்டிருந்தால், அந்தப் புள்ளி மகனின் ஆங்கிலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிய பாடத்துக்குப் போட்ட புள்ளி. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, புதிதாக வந்த பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவிதான். ஆனால் 82 என்று ஊருக்குப் போன் எடுக்க முதல் அந்தப் பெட்டியைப் பாருங்கள். எப்போது அது இல்லாமல் புள்ளி போடுவார்கள், அதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று ரீச்சரைக் கேளுங்கள்.

கேட்கும்போது மகனை மொழிபெயர்க்க விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ரீச்சர் ஐந்து நிமிடம் முறைப்பாடு சொல்ல, பெடியன் ‘நான் கெட்டிக்காரனாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லி வைத்தால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தருவார்கள்.

சரி, ரியூசன். வந்த கையோடு பிள்ளையை அங்கே தள்ளுவது எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. கிரேட் 9 கணக்கைக் கிரேட் 7இலேயே செய்கிறான் என்று கல்யாண மண்டபத்தில் சொல்லலாம், அவ்வளவுதான். அதே பிள்ளைக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் வாய் திறக்காது. இங்கே விடைக்கு மட்டும் புள்ளி இல்லை, யோசித்த வழியை விளங்கப்படுத்தவும் வேண்டும்.

நாங்கள் 97இல் வந்தோம். 95 யாழ்ப்பாண இடம்பெயர்வோடு மகளின் படிப்பு விட்டு விட்டுத்தான் நடந்தது. இங்கே வயதைப் பார்த்து வகுப்பில் இருத்திவிட்டார்கள். பின்னக் கணக்கை ஒரே வரியில் செய்துவிட்டு வருவாள். விடை சரி, ஆனால் பாதிப் புள்ளி. எப்படி வந்தது என்று ரீச்சர் பென்சிலால் எழுதி விட்டிருப்பார். எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. நிலக்கீழ் வீட்டின் அந்தச் சின்னக் குசினியில், இரவு வேலைக்குப் போக முதல் நான் ரொட்டிக்குக் குழைக்கும்போது, அன்றைய கணக்கை அவள் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். முக்கால் சுண்டு மாவில் பாதி எவ்வளவு என்று ஒருநாள் கேட்டேன். பலகையில் கொட்டிக் கிடந்த மாவில் விரலால் எட்டுக் கட்டம் கீறி, மூன்றைத் தொட்டுக் காட்டினாள். அடுத்த நாள் கொப்பியிலும் அதே படத்தைக் கீறிவிட்டு வந்தாள், முழுப் புள்ளி. ரியூசனுக்கு நான் ஒரு சதம் கொடுக்கவில்லை. தொழிற்சாலைச் சம்பளத்தில் கொடுக்கவும் முடியாது என்பது வேறு கதை.

அதனால் வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வாருங்கள். நூலக அட்டை இலவசம், இந்தச் சனிக்கிழமையே எடுங்கள். ஹோம்வேர்க் இல்லை என்று மகன் சொன்னால் ரீச்சர் வேலைகளைப் போடுகிற கூகுள் கிளாஸ்ரூம் என்ற இணையப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே பாதி முடித்த வேலைகள் வரிசையில் நிற்கும்.

பழைய ஆட்களின் புத்திமதியையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள், என்னுடையது உட்பட. கிரேட் 9இல் பிள்ளையைக் கீழ்ப் பிரிவில் போட்டுவிடுவார்கள் என்று இன்னும் பயமுறுத்துகிறார்கள். 2021இல் கணக்குக்கும் 2022இல் மற்றப் பாடங்களுக்கும் அந்தப் பிரிவினையை எடுத்தாயிற்று. பிரிப்பது இப்போது கிரேட் 10இலிருந்துதான். கிரேட் 8இல் உயர்பள்ளிப் பாடத் தெரிவுப் படிவம் வரும்போது மகனே நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டுவான். பேனாவை எடுக்க முதல் ஒவ்வொரு பாடத்தையும் ஏன் எடுத்தான் என்று அவனையே சொல்ல வையுங்கள்.