ஷிரகாவாகோ வீடுகளுக்கு ஏன் இவ்வளவு செங்குத்தான கூரை?

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் விவசாய ஊர் ஷிரகாவாகோ. குளிர்காலத்தில் அங்கே போகிறவர்கள் முதலில் கேட்பது இந்தக் கூரையைப் பற்றித்தான். அங்குள்ள பழைய வீடுகளின் பாணிக்கு கஷ்ஷோ என்று பெயர். கும்பிடக் கூப்பிய கைகளைப் போல இரு பக்கமும் சரிந்து உச்சியில் சேரும் புல்கூரை.

காரணம் பனி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்ந்த, வறண்ட காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. மலையில் மோதி மேலே ஏறியதும் அந்த ஈரம் பனியாகக் கொட்டுகிறது. கூரை தட்டையாக இருந்தால் அந்தப் பாரம் வீட்டையே அமுக்கிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கூரைக்கு உள்ளே இருக்கும் இடம். உயரமான கூரை என்பதால் அடுக்கடுக்காகப் பரண் அமைத்து, அங்கே பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே தரையில் பதித்த அடுப்பின் புகை மேலேறி, புல்லைப் பூச்சி அரிக்காமல் காத்தது. கூரைச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். புல் மாற்றும் வேலைக்கு ஊரே திரண்டு வரும்.



1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததால் இந்த ஊரை ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது.