பெடல் பாதி, சோல் பாதி

மலைச் சைக்கிளுக்குப் பிடிப்பான ஃபிளாட் பெடல் (ஷூவை எதிலும் மாட்டாமல் சும்மா கால் வைத்து மிதிக்கும் தட்டைப் பெடல்) வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. பதினான்கு வருடமாக நீலகிரி எஸ்டேட் பாதைகளில் உருண்டு புரண்டவன். கணைக்காலில் இருக்கும் புள்ளிப் புள்ளித் தழும்புகள்தான் என் சான்றிதழ்.

தொடங்கும் முன் ஒன்று. பெடலில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு திருகுகளை எல்லோரும் 'பின்' என்கிறோம். 'முன் பின்', 'பின் பின்' என்று எழுதினால் எனக்கே தலை சுற்றுகிறது. அதனால் இங்கே 'முள்' என்றே எழுதுகிறேன்.

அண்ணா, ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள்) வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கூடவே வந்த பிளாஸ்டிக் பெடலில், இறக்கத்தில் கால் துள்ளிப் போய்விடுகிறது. மூவாயிரத்துக்குள் எதைப் பார்த்து வாங்குவது? (கோவை)

தம்பி, நிறத்தையும் வடிவத்தையும் விடுங்கள். பெடலைக் கையில் எடுத்து முள்ளைப் பாருங்கள். வண்டியோடு வரும் பிளாஸ்டிக் பெடலில் இருப்பது முள்ளே இல்லை, அச்சிலேயே வார்த்த மொட்டு. ஈரம் பட்டால் அது சோப்புக்கட்டிதான். நமக்கு வேண்டியது தனியாகத் திருகிப் பொருத்திய இரும்பு முள். ஒரு பக்கத்துக்கு எட்டு முதல் பத்து இருந்தால் போதும்.

எண்ணிக்கையைவிட உயரம் முக்கியம். 4, 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய முள் ஷூவின் சோலுக்குள் இறங்கும். 2 மி.மீ. நீட்டும் தடித்த முள் சோலைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். முள் அதிகம் என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆணிப் படுக்கையில் ஆள் படுக்க முடிவது ஏன்? எடை எல்லா ஆணிக்கும் பிரிந்துவிடுவதால் ஒன்றும் உள்ளே இறங்குவதில்லை. நெருக்கமாக முள் வைத்த பெடலிலும் அதுதான் நடக்கும்.

அடுத்தது குழிவு. முன் விளிம்பு முள்ளின் உச்சியிலும் பின் விளிம்பு முள்ளின் உச்சியிலும் படும்படி ஒரு ஸ்கேலை வையுங்கள். நடுவில் இருக்கும் முட்கள் ஸ்கேலைத் தொடாமல் கீழேயே நின்றால் நல்ல பெடல். பாதம் அந்தக் குழியில் தொட்டில் போல் உட்காரும். ஸ்கேல் நடுவில் முட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஆடினால் பெடல் சுழலும் நடுத்தண்டான ஆக்ஸில் ஓடும் இடம் மேடாக இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கால் அந்த மேட்டின் மேல்தான் நிற்கும், விளிம்பு முள்ளால் பெரிய பிரயோஜனம் இருக்காது.

மூவாயிரத்துக்குள் என்றால் நைலான் உடம்பும் இரும்பு முள்ளும் உள்ளதை வாங்குங்கள். இந்த வகையில் ரேஸ் ஃபேஸ் செஸ்டரும் ஒன்அப் காம்போசிட்டும் பெயர் வாங்கியவை. புதிதாக உங்கள் பட்ஜெட்டுக்குள் வராமல் போகலாம், பழையது நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். மிச்சப் பணத்தை ஷூவுக்கு வையுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில்.

பெடல் மாற்றியும் கால் நழுவுகிறது. ஓடுவதற்கு வாங்கிய ஷூதான் போடுகிறேன். அதுவா காரணம்? (ஓசூர்)

அதேதான். ஓட்ட ஷூவின் அடியில் மெத்தென்ற ஃபோம் இருக்கும், அதன்மேல் ஆங்காங்கே ரப்பர் துண்டு. முள் ரப்பர் இல்லாத இடத்தில் பட்டால் ஃபோமைக் கிழிக்கும், ரப்பரின் மேட்டில் பட்டால் வழுக்கும். அதோடு பாதம் பெடலைச் சுற்றி வாழைப்பழம் மாதிரி வளையும், அரை மணி நேரத்தில் உள்ளங்கால் வலி எடுத்துவிடும்.

ஃபிளாட் பெடல் ஷூ என்ற வகையே மலையேறிகளிடமிருந்து வந்ததுதான். சார்லஸ் கோல் என்ற மலையேறி 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபைவ் டென், பாறையில் ஒட்டுவதற்காக ஸ்டெல்த் என்ற ரப்பரைக் கொண்டு வந்தது. பாறையில் ஒட்டுவது பெடலிலும் ஒட்டும் என்று சைக்கிள்காரர்கள் கண்டுகொண்டார்கள். 2011-இல் அடிடாஸ் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரு ஷூவின் பிடியைப் பற்றிப் பேசினால் 'ஃபைவ் டென் அளவுக்கு வருமா' என்றுதான் கேட்பார்கள்.

அந்த விலை கட்டுப்படி ஆகாதவர்களுக்கு ஒரு வழி. ஸ்கேட்போர்டுக்காரர்கள் போடும் தட்டையான சோல் உள்ள கேன்வாஸ் ஷூ வாங்குங்கள். கடையிலேயே கட்டைவிரல் நகத்தைச் சோலில் அழுத்திப் பாருங்கள். நகத் தடம் விழுந்து மெதுவாக மறைந்தால் மென்மையான ரப்பர், எடுக்கலாம். தடமே விழாவிட்டால் அடுத்த ஷூவைக் கேளுங்கள். நல்ல பெடலில் மோசமான ஷூ போட்டு ஓட்டுவதைவிட, சுமாரான பெடலில் நல்ல ஷூ போட்டு ஓட்டுவேன். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

நைலான் பெடல் பாறையில் பட்டால் உடைந்துவிடாதா? (கூடலூர்)

நானும் அப்படித்தான் பயந்தேன். அது வாளி பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடி இழை கலந்த நைலான். பாறையில் பட்டால் சறுக்கிக்கொண்டு போகும். அலுமினியம் சில நேரம் பாறையைக் கவ்வி வண்டியையே நிறுத்திவிடும். அலுமினியத்தின் லாபம் வேறு: உடம்பை இன்னும் மெலிதாகச் செய்யலாம், முள்ளின் மரை நீண்ட நாள் தாங்கும். மெலிதான பெடல் தரையிலிருந்து சில மி.மீ. கூடுதலாக விலகி இருப்பதால் பாறையில் இடிப்பதும் கொஞ்சம் குறையும். வாரம் ஒருமுறை ஓட்டுபவருக்கு நைலானே தாராளம்.

அண்ணை, நான் நுவரெலியா. இங்கே பாதி வருடம் மழையும் சேறும்தான். சேறு அடைந்தால் முள் இருந்தும் இல்லாத மாதிரி. என்ன செய்யலாம்? (இலங்கை)

உங்கள் ஊரும் எங்கள் ஊரும் தேயிலையால் மட்டுமல்ல, களிமண்ணாலும் சொந்தம். உடம்பில் பெரிய ஓட்டைகள் உள்ள பெடலாகப் பாருங்கள், மிதிக்கும்போது சேறு கீழே பிதுங்கி விழ வேண்டும். முட்கள் உயரமாக இருக்கட்டும். முள்ளுக்கு அடியில் வாஷர் போட்டிருந்தால் அதைக் கழற்றினாலே ஒரு மி.மீ. உயரம் கிடைக்கும்.

பாதித் தவறு ஷூவில்தான் நடக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டு, சோலில் அப்பிய களிமண்ணோடு அப்படியே பெடலில் கால் வைக்கிறோம். ஏறும் முன் சோலைப் பெடல் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். கோயிலுக்குள் போகும் முன் கால் கழுவுவது மாதிரி பழக்கமாக்கிக்கொண்டால் மறக்காது.

எனக்கு நான்காம் நம்பர் ஷூ. பெரிய பெடல்தான் பிடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா அண்ணா? (பெங்களூரு)

பாதம் சிறியது என்றால் பெரிய பெடலின் வெளி வரிசை முட்கள் சோலில் படவே படாது. பாறையில் இடிக்க மட்டும் பயன்படும். கிராங்க்பிரதர்ஸ் ஸ்டாம்ப், ஷிமானோ எக்ஸ்டி போன்றவை இரண்டு அளவில் வருகின்றன. ஸ்டாம்பில் சிறியது ஏறக்குறைய 100 மி.மீ. சதுரம், பெரியது 110-ஐத் தாண்டும். உங்களுக்குச் சிறியதுதான்.

தம்பி, என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பழைய சைக்கிளுக்கு நல்ல பெடல் வாங்கிக் கொடுத்தேன், மரை ஏறவே இல்லை. கடைக்காரர் அடித்து ஏற்றலாம் என்கிறார். (திருச்சி)

ஐயா, தயவுசெய்து அடிக்க விடாதீர்கள். பெடல் மாட்டும் கை, அதாவது கிராங்க், இரண்டு பக்கமும் ஒரே இரும்புக் கம்பியாக வளைந்து போகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதன் மரை அரை அங்குலம். மலைச் சைக்கிள் பெடல்கள் 9/16 அங்குலம், அதாவது அரை நூல் பெரியது. அடித்தால் இரண்டும் வீண். பெடலைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த சைக்கிளுக்கு ஆகும். முள் உள்ள பெடல் போடும் நாளில் கணைக்காலுக்கு ஒரு கவசமும் வாங்கிக் கொடுங்கள். முதல் மாதம் பெடல் சுழன்று வந்து கடிக்காத பையனை நான் பார்த்ததில்லை.

பெடலை வீட்டிலேயே மாற்றலாமா? (மதுரை)

மாற்றலாம், ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். முதல் வண்டியில் இடது பெடலைக் கழற்ற, எல்லாத் திருகையும் போல இடப்பக்கம் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பேனரில் குழாய் மாட்டி, மேலே ஏறி நின்றேன். 'கிரீச்' என்றது, சந்தோஷப்பட்டேன். உண்மையில் நான் அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிராங்கின் அலுமினிய மரை பாதி உரிந்து பெடலோடு வந்தது, சேமியா மாதிரி.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஏன் என்று தெரிய, ஒரு பென்சிலைத் தளர்வாக முஷ்டிக்குள் பிடித்து, வெளியே நீட்டும் நுனியை இன்னொரு கையால் வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் உள்ளே எதிர்த் திசையில் உருளும். மிதிக்கும்போது பெடலின் ஆக்ஸிலும் கிராங்குக்குள் இப்படித்தான் உருளப் பார்க்கிறது. சாதாரண மரை இருந்தால் இடது பெடல் போகப் போகக் கழன்றுவிடும்.

நினைவில் வைக்க எளிய வழி: ஸ்பேனரை ஆக்ஸிலில் மேல் நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். முன் சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும். இரண்டு பெடலுக்கும் இது ஒன்றே. 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், சில பெடலுக்கு உள்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. மரையில் கிரீஸ் தடவி, முதல் நான்கு சுற்றை விரலால் மட்டும் திருகுங்கள். விரலுக்கு அடங்கவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி வையுங்கள்.

நன்றாக ஓட்டுபவர்கள் எல்லாம் ஷூவைப் பெடலில் மாட்டும் கிளிப் வகைக்குப் போய்விடுகிறார்கள். நானும் மாற வேண்டுமா? (கொடைக்கானல்)

ஆஸ்திரேலியாவின் சாம் ஹில்லைப் பாருங்கள். டவுன்ஹில் (மலை இறக்கப் பந்தயம்) உலகச் சாம்பியன் பட்டம் மூன்று முறை, பிறகு 2017, 2018, 2019 மூன்று வருடமும் எண்டூரோ (இறக்கப் பகுதிகளில் மட்டும் நேரம் கணக்கிடும் பந்தயம்) உலகத் தொடரின் மொத்தப் பட்டம். ஃபிளாட் பெடல் என்றாலே அவர் பெயர்தான் வரும். கிளிப் வகை கெட்டது என்று சொல்லவில்லை, நீண்ட தூரம் மிதிப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் கால் துள்ளுவதற்கு மருந்தாக அதற்குப் போனால் தவறு மறையும், தீராது.

இறக்கத்தில் குதிகாலைக் கீழே இறக்குங்கள். பெடலின் ஆக்ஸில் கட்டைவிரலின் அடியில் உள்ள சதைத் திரட்சிக்கு நேராக இல்லாமல், கொஞ்சம் பின்னால் பாதத்தின் நடுப்பக்கம் வரட்டும். முழங்கால் தளர்வாக இருக்கட்டும். இப்படி நின்றால் பாறையில் மோதும்போது பாதம் பெடலுக்குள் தள்ளப்படும். விரல் நுனியில் நின்றால் அதே மோதல் காலைத் தூக்கி எறியும்.

நேர்மாறான பிரச்சினை எனக்கு. புதுப் பெடலில் கால் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு, இடம் மாற்றி வைக்கவே முடியவில்லை. (பினாங்கு)

பணக்காரப் பிரச்சினை! பெடலை மாற்றாதீர்கள். முதலில் நடுவில், ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் முட்களைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். இன்னும் ஒட்டினால் பின் விளிம்பு முட்களுக்கு அடியில் வாஷர் போட்டுச் சற்றுக் குட்டையாக்குங்கள். முன் விளிம்பைக் கடைசிவரை தொட வேண்டாம். கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், என்றாவது முள் உடையும்போது தேடுவீர்கள்.

பழைய பெடல் வாங்கும்போது எதைப் பார்ப்பது? (சேலம்)

ஆக்ஸிலைப் பிடித்து உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் பேரிங் அல்லது புஷ் போய்விட்டது, அதற்கு உதிரி கிடைக்குமா என்று கேட்டுப் பேரம் பேசுங்கள். சுண்டிவிட்டால் விசிறி மாதிரி சுற்றுவது தரம் என்று நினைக்க வேண்டாம். நல்ல பெடல் கிரீஸோடு சோம்பலாகத்தான் சுற்றும். உடம்பை அசையாமல் பிடித்து ஆக்ஸிலை விரலால் சுற்றுங்கள். நுனி வட்டமடித்தால் வளைந்திருக்கிறது. முட்களை அடியிலிருந்து திருகும் வகையாக இருந்தால் நல்லது. மேலிருந்து திருகுவதில், பாறை பட்டுப் பட்டு ஆலன் கீ நுழையும் ஓட்டை நசுங்கியிருக்கும்.

கடைசியாக மரையை வெளிச்சத்தில் பாருங்கள். பள்ளங்களில் வெள்ளிச் சுருள் ஒட்டியிருந்தால் அது யாரோ ஒருவருடைய கிராங்கின் அலுமினியம். என் பழைய இடது பெடலாகக்கூட இருக்கலாம்.