மோட்டார் ஓடும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஆறரை அங்குல ஆழ்துளைக் கிணறு ஒன்றை 320 அடி வரை போட்டோம். கயிறு விட்டுப் பார்த்தால் 38 அடியிலேயே தண்ணீர் நிற்கிறது. நிமிடத்துக்கு 40 லிட்டர் இறைக்கும் மோட்டாரை 120 அடியில் இறக்கியிருக்கிறோம். ஆனால் 25 நிமிடம் ஓடியதும் காற்றுதான் வருகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் மறுபடியும் 40 அடிக்கு ஏறி நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் உண்டா, இல்லையா?
வாசகர், திருவட்டாறு

பதில்: தண்ணீர் உண்டு; ஆனால் உங்கள் மோட்டார் இறைக்கும் வேகத்துக்கு அது ஊறவில்லை. நீங்கள் கயிற்றால் அளந்த 38 அடி, இறைப்பு இல்லாமல் கிணறு ஓய்ந்திருக்கும் வேளையில் உள்ள நிலை நீர்மட்டம். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அந்த மட்டம் இறங்கும். அது இறங்க இறங்க, பாறை வெடிப்புகளிலிருந்து நீர் வரும் வேகம் கூடும். ஊறுவதும் இறைப்பதும் சமமாகும் ஆழத்தில் மட்டம் நின்றுவிடும். அதுவே இயங்கு நீர்மட்டம். உங்கள் கிணற்றில் அந்தச் சமநிலை வருவதற்கு முன்பே மட்டம் மோட்டாரைத் தொட்டுவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறரை அங்குலத் துளையில் ஓர் அடிக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் நீர் நிற்கும். 38 அடிக்கும் 120 அடிக்கும் இடையே உள்ள 82 அடியில் இருப்பு சுமார் 530 லிட்டர். 25 நிமிடத்தில் நீங்கள் இறைத்ததோ 1,000 லிட்டர். மீதி 470 லிட்டர் ஊறி வந்தது. அதாவது நிமிடத்துக்குச் சராசரியாக 19 லிட்டர். ஆகவே வெளியேற்றுக் குழாயிலுள்ள வால்வை ஓரளவு மூடி, நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவில் இறைத்துப் பாருங்கள். மட்டம் மோட்டாருக்கு மேலேயே எங்காவது நிலைகொள்ள வாய்ப்புண்டு.

மோட்டாரை இன்னும் கீழே இறக்கினால் என்ன என்று கேட்பீர்கள். துளை போட்டபோது எத்தனையாவது அடியில் நீர் தட்டியது என்பதைப் பொறுத்தது அது. செம்புரைக்கல் மண்ணுக்கு அடியில் கடினப்பாறை உள்ள உங்கள் பகுதியில் நீர் பெரும்பாலும் வெடிப்புகளின் வழியேதான் வரும். 200 அடியில் தட்டிய நீர்கூட அழுத்தத்தால் 38 அடி வரை ஏறி நிற்கும். வெடிப்பு அந்த ஆழத்தில் இருந்தால் மோட்டாரை இறக்குவதால் ஊறல் கூடும். அது 90 அடியிலேயே இருந்தால், கூடுவது இருப்பு மட்டுமே. துளை போட்டு முடித்ததும் கம்ப்ரசரால் காற்று ஊதி நீரை வெளியே தள்ளியபோது, ஊறலின் அளவாக ‘இரண்டு இஞ்ச் தண்ணீர்’ என்று சொல்லியிருப்பார்கள். சிறிது நேரம் ஊதி, துளையில் தேங்கிய நீரையும் சேர்த்துச் சொல்லும் அந்தக் கணக்கை நம்பி மோட்டார் வாங்கியவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர்.

மோட்டார் கடையில் ‘எத்தனை அடி?’ என்று கேட்டால் இயங்கு நீர்மட்டத்தையே சொல்ல வேண்டும். நீரை ஏற்ற வேண்டிய உயரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நிலை மட்டத்தை, பக்கத்துத் தோட்டங்களிலும் மோட்டார் ஓடாத விடியற்காலையில் அளப்பது நல்லது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டமாதலால், தென்மேற்கு மழைக்கு முன் மே மாதத்தில் ஒருமுறையும், வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில் ஒருமுறையும் அளந்து குறித்து வையுங்கள். மோட்டாரின் ஆழத்தை மே மாத அளவைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான இடத்தில் எங்கள் கிணறு உள்ளது. கோடையில் நீர் போதவில்லை. ஆழப்படுத்தி, பெரிய மோட்டார் வைக்கலாமா?
வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: வேண்டாம். அங்கே நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நீடித்தால், அடியிலுள்ள உப்புநீர் 40 அடி வரை மேலேறக்கூடும். சிறிய மோட்டாரை இடைவெளி விட்டு ஓட்டி, நீர்மட்டம் அதிகம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் நன்றாக இருந்த நீர், இறைத்து முடிக்கும் வேளையில் கரிக்கத் தொடங்கினால், அன்றே இறைப்பைக் குறைத்துவிடுங்கள்.